கிளேமோர் அனிமே: பார்க்கும் முன்னும் பார்த்த பின்னும் வரும் சந்தேகங்கள்

பழிவாங்கப் புறப்பட்ட வாள்வீராங்கனை கதை ஏதாவது இருந்தா சொல்லுங்க என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது கிளேமோர் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைத்தான். சொன்ன கொஞ்ச நாளில் அவர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எடுத்து, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் பாதியில் கதையின் பெரிய திருப்பங்கள் எதுவும் இல்லை. ஸ்பாய்லர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வரியில கதை என்னன்னு சொல்லுங்க.

மனித உருவம் எடுத்து ஊருக்குள் கலந்து, மனிதர்களின் குடலைத் தின்னும் யோமா என்ற அரக்கர்களை வெட்டுவதற்காக, தன் உடம்பிலும் அரக்கச் சதையை ஏற்றிக்கொண்ட கிளேர் என்ற பெண்ணின் கதை. ஊர் ஊராகப் போய் யோமாக்களைக் கொல்வது அவளுக்குத் தொழில். அவள் உண்மையில் தேடிப் போவது வேறு ஒருத்தியை.

இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற ஒரு கற்பனை நிலத்தில் நடக்கிறது. கல்வீடுகள், தேவாலயங்கள், பனி மூடிய வடநாடு என்று எல்லாமே வெளிறிய நிறத்தில் இருக்கும். கதையின் மனநிலையும் அப்படித்தான்.

கிளேமோர்ங்கறது அவ பேரா, வாளோட பேரா, கூட்டத்தோட பேரா?

அந்த வீராங்கனைகள் முதுகில் தூக்கிச் செல்லும் பெரிய வாளை வைத்து ஊர்மக்கள் அவர்களுக்குக் கொடுத்த பெயர். வெள்ளிநிறக் கண்கள் இருப்பதால் வெள்ளிக்கண் சூனியக்காரிகள் என்றும் சொல்வார்கள். அவர்களை உருவாக்கி அனுப்பும் கூட்டத்துக்குப் பெயரே கிடையாது; எல்லோரும் ‘அமைப்பு’ என்று மட்டும் சொல்கிறார்கள். ஊரில் யோமா புகுந்தால் அமைப்புக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் கறுப்பு உடை போட்ட ஓர் ஆள் வந்து பணம் வாங்கிக்கொள்வான். பணம் தராத ஊருக்கு மறுபடி யாரையும் அனுப்ப மாட்டார்கள்.

எப்போ வந்தது? மொத்தம் எத்தனை எபிசோடு?

நோரிஹிரோ யாகி எழுதி வரைந்த மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 2001இல் மாத இதழ் ஒன்றில் தொடங்கி 2014 அக்டோபரில் முடிந்தது. மொத்தம் 27 தொகுதிகள். அனிமேவை மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரித்தது, இயக்கம் ஹிரோயுகி தனாகா. 2007 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஜப்பானில் ஒளிபரப்பானது. 26 எபிசோடுகள், ஒரே சீசன்.

இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அனிமே முடிந்தபோது மங்கா பாதிகூட வந்திருக்கவில்லை. கீழே வரும் பல ரசிகர் சண்டைகளுக்கு இதுதான் காரணம்.

அக்கா, வீட்ல எல்லாரோடயும் உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம், கை கால் வெட்டுப்படுவது, உடல் சிதைந்து உருமாறுவது எல்லாம் ஏராளம். பெண்களையும் குழந்தைகளையும் கொடுமைப்படுத்துவது பற்றிய குறிப்புகளும் ஐந்தாவது எபிசோடிலிருந்து வருகின்றன. பெரியவர்களுக்கான தொடர் இது. இருந்தாலும் வன்முறை கேளிக்கைக்காக வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வெட்டு விழுந்தால் அதன் வலியும் இழப்பும் பல எபிசோடுகள் தொடரும்.

எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க. யார் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நியாயமான குறை. அரக்கச் சதை ஏறியதும் தலைமுடி வெளிறிப்போகும், கண்கள் வெள்ளியாகும். சீருடையும் ஒன்றே. அதனால் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முடிவெட்டையும் சண்டை போடும் விதத்தையும் கவனியுங்கள். மிரியா தன் நிழலுருவத்தை விட்டுவிட்டு மறைவாள், அவ்வளவு வேகம். ஹெலனின் கை நீளும், வாயும் நீளம். டெனீவ் அதிகம் பேச மாட்டாள், அவள் காயம் மட்டும் மற்றவர்களைவிட வேகமாக ஆறும். ஜீன் கையை முறுக்கிவிட்டு வாளைத் துளைப்பானைப் போலச் செலுத்துவாள். கலாட்டியா வெகுதூரத்தில் இருப்பவர்களையும் உணர்ந்து சொல்வாள்.

ஒவ்வொருத்தியின் வாளிலும் தனித்தனிச் சின்னம் உண்டு. ஒருத்தி இறந்தால் அவள் வாளையே மண்ணில் நட்டுவிட்டுப் போவார்கள், அதுதான் கல்லறை. அமைப்பு இவர்களுக்குக் கொடுத்ததிலேயே சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கூடியது அந்தச் சின்னம் ஒன்றுதான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

யோக்கி, பத்து சதவீதம், எண்பது சதவீதம்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

யோக்கி என்பது உடம்புக்குள் இருக்கும் அரக்கச் சக்தி. அதைத் திறந்துவிட்டால் பலமும் வேகமும் கூடும். பத்து சதவீதத்தில் கண்கள் பொன்னிறமாகும், முப்பதில் முகம் கோரமாகும், ஐம்பதில் உடம்பே பருத்துவிடும். எண்பதைத் தாண்டினால் பொதுவாகத் திரும்பி வர முடியாது. அப்படித் திரும்பாமல் போனவளை ‘விழித்தெழுந்தவள்’ என்கிறார்கள். அவள் மனிதக் குடல் மட்டுமே வேண்டும் என்று அலையும் பெரிய அரக்கி ஆகிவிடுவாள், சாதாரண யோமாவைவிடப் பல மடங்கு பலத்தோடு.

ஆக, ஒருத்தி எவ்வளவு அதிகம் சண்டை போடுகிறாளோ அவ்வளவுக்கு அரக்கியாவதற்கு அருகில் போகிறாள். எந்தச் சண்டைக் காட்சியிலும் எதிரி அடிப்பதைப் பற்றி மட்டும் பயந்தால் போதாது. இந்த ஒரு விதி தொடர் முழுவதையும் தாங்குகிறது.

ரெண்டாவது எபிசோடுல வர்ற கறுப்புச் சீட்டு என்ன?

திரும்ப முடியாத எல்லையை நெருங்கிவிட்டதாக உணரும் வீராங்கனை, தன் வாளுக்குள் வைத்திருக்கும் அந்தச் சீட்டை ஒரு தோழிக்கு அனுப்புவாள். மனுஷியாக இருக்கும்போதே என்னைக் கொன்றுவிடு என்று அதற்கு அர்த்தம். கிளேருக்கு அது அவளுடைய ஒரே தோழி எலெனாவிடமிருந்து வருகிறது. இந்த எபிசோடைச் சரியாகப் பாருங்கள். பின்னால் ஒருத்தி சீட்டு எதுவும் இல்லாமல் இதே வேண்டுகோளை வைப்பாள், அங்கேதான் கதை உடையும்.

முதல் நாலு எபிசோடு மெதுவா போகுது. நேரா அஞ்சுக்குப் போயிடலாமா?

போகாதீர்கள். ரபோனா என்ற புனித நகரத்தில் நடக்கும் மூன்று, நான்கு எபிசோடுகளில்தான் மேலே சொன்ன சதவீதக் கணக்கு கிளேரின் உடம்பில் நடப்பதைப் பார்க்கிறோம். கிளேமோர்கள் நுழையவே கூடாத ஊருக்குள் அவள் கண் நிறத்தை மாற்றும் மருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். எல்லை தாண்டப்போகும் அவளை இழுத்து நிறுத்துவது யார் என்பது கடைசி எபிசோடு வரை முக்கியம்.

இதற்குக் கீழே ஸ்பாய்லர் ஆரம்பிக்கிறது. தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்த பிறகு வாருங்கள்.

அஞ்சாவது எபிசோடுல திடீர்னு வேற ஒருத்தி கதை வருது. கிளேர் எங்க போனா?

கிளேர் அங்கேதான் இருக்கிறாள், பேச்சே வராத சின்னப் பெண்ணாக. ஒரு யோமா அவளை விளையாட்டுப் பொருளாக வைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தது. அந்த யோமாவைக் கொன்றவள் தெரேசா, கிளேமோர்களின் பலவரிசையில் அப்போதைய முதலிடம். வெட்டும்போது உதட்டில் லேசாக ஒரு புன்னகை இருக்கும் என்பதால் மெல்லிய புன்னகையின் தெரேசா என்று பெயர். அந்தக் குழந்தை அவள் பின்னாலேயே நடக்கிறது. திட்டினாலும் எட்டி உதைத்தாலும் போவதில்லை. ஒரு கட்டத்தில் வந்து தெரேசாவைக் கட்டிக்கொள்கிறது. அவள் வலியைப் புரிந்துகொண்ட முதல் ஆள் இந்தக் குழந்தைதான். கிளேர் என்று பெயர் வைப்பதும் தெரேசாவே. அந்த நாட்டில் வணங்கும் இரட்டைத் தேவதைகளில் ஒருத்தி தெரேசா, மற்றவள் கிளேர்.

பிறகு குழந்தையை ஒரு கிராமத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். அந்த ஊரைக் கொள்ளையர்கள் கொளுத்துகிறார்கள். தெரேசா திரும்பி வந்து அவர்களை வெட்டிப் போடுகிறாள். கிளேமோர்களுக்கு இருக்கும் மிகக் கடுமையான சட்டம், மனிதனைக் கொல்லக் கூடாது. கொன்றால் தலை போகும். தண்டனைக்குத் தலை குனிய வேண்டியவள், வாழ்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று மறுத்து, குழந்தையோடு நடந்துவிடுகிறாள். அவளைக் கொல்ல அமைப்பு அனுப்பும் நால்வரில் ஒருத்திதான் பிரிசில்லா, புதிதாக இரண்டாம் இடத்துக்கு வந்தவள்.

ஐந்து முதல் எட்டு வரையிலான இந்த நான்கு எபிசோடுகள்தான் தொடரின் உயிர். பழிவாங்கும் கதைகள் பலவற்றில் செத்துப்போனவரை ஒரு நினைவுக் காட்சியில் காட்டி முடித்துவிடுவார்கள். இங்கே செத்தவளோடு நாமும் நடந்து, அவளைப் பிடித்துப்போன பிறகுதான் இழக்கிறோம்.

தெரேசா அவ்வளவு பலசாலி. பிரிசில்லாகிட்ட எப்படி ஏமாந்தா?

பலத்தில் அவள் தோற்கவில்லை. பிரிசில்லா தன் யோக்கியை அளவில்லாமல் திறந்துவிட்டுக்கொண்டு மோதினாள். தெரேசா பத்து சதவீத அளவுக்குத் திறந்தே அவளை மண்டியிட வைத்தாள். எல்லையைத் தாண்டிவிட்ட பிரிசில்லா அழுகிறாள். மனுஷியாக இருக்கும்போதே கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். கறுப்புச் சீட்டின் வேண்டுகோள் அதேதான். தெரேசா அதைக் கேட்டு இளகி அருகில் வருகிறாள். அடுத்த நொடி அவள் கைகள் இரண்டும் போகின்றன, பிறகு தலை.

கிளேர் வருவதற்கு முன் இருந்த தெரேசாவாக இருந்தால் தயங்கியிருக்க மாட்டாள் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்தக் குழந்தையால் அவளுக்குள் வந்த இரக்கமே அவளைக் கொன்றது. கிளேர் தோளில் அந்தப் பாரமும் சேர்ந்தே இருக்கிறது என்று வைத்துப் பார்த்தால், அவள் ஏன் யாரோடும் சிரித்துப் பேசுவதில்லை என்பது புரியும்.

பிரிசில்லா நிஜமாவே கெட்டவளா?

அவள் அப்பாவின் உருவத்தில் யோமா வந்து குடும்பத்தைத் தின்றது. சின்னப் பெண்ணாக இருந்தவள் அதன் தலையை வெட்டினாள். யோமாக்களை ஒழிக்க வேண்டும் என்ற வெறியில் இந்த வாழ்க்கைக்குள் வந்தாள். சட்டம் என்றால் சட்டம், மனிதனைக் கொன்றவள் கெட்டவள் என்று நம்பித்தான் தெரேசாவைத் துரத்தினாள். அவளும் பழிவாங்க வந்தவள்தான். கிளேர் அவளைப் போல ஆகிவிடுவாளோ என்ற பயம் கடைசிவரை நமக்கு இருக்கிறது.

கிளேர் 47ஆவது, அதாவது கடைசி. அப்புறம் எப்படி இவ்வளவு தாக்குப்பிடிக்கிறா?

நாடு 47 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, பகுதிக்கு ஒருத்தி. மற்ற எல்லோரும் யோமாவின் சதையை ஏற்றவர்கள், பாதி மனிதர். கிளேர் தெரேசாவின் வெட்டுண்ட தலையைச் சுமந்து வந்து, இவளுடைய சதையையும் ரத்தத்தையும் எனக்குள் வையுங்கள் என்று ரூபல் என்ற கறுப்பு உடைக்காரனிடம் கேட்டவள். பாதி மனுஷியின் சதை ஏறியதால் அவள் கால் பங்குதான் அரக்கி. அதனால்தான் பலம் குறைவு, அதனால்தான் கடைசி இடம்.

பலம் குறைந்த அதே உடம்பில் தெரேசாவின் திறமை இருக்கிறது. எதிரியின் யோக்கி ஓட்டத்தை வைத்து அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே உணர்வது தெரேசாவின் பாணி. அது கிளேருக்கு மெல்ல மெல்ல வருகிறது. அப்புறம் ஐரீன் தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே கையை அறுத்து அவளுக்குக் கொடுக்கிறாள். தெரேசாவைக் கொல்லப் போன நால்வரில் ஐரீனும் ஒருத்தி. யாருக்காகப் பழிவாங்குகிறாளோ அவளுடைய சதையும், அந்தச் சாவில் பங்கிருந்தவளுடைய கையும் ஒரே உடம்பில். கிளேமோரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: பழியும் அன்பும் வசனத்தில் இல்லை, அவள் எலும்பிலும் சதையிலும் இருக்கின்றன.

ராக்கி எப்பப் பார்த்தாலும் அழுதுகிட்டே இருக்கான். அவன் இல்லாமலே கதை நடந்திருக்காதா?

நடந்திருக்காது. குடும்பத்தை யோமா தின்றது, ஊர் துரத்திவிட்டது. அந்தப் பையனைப் பார்த்து உனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கிறாள் கிளேர். கிளேமோர்களுக்குச் சாப்பாடு ரொம்பக் கொஞ்சம் போதும் என்று தெரிந்த பிறகு அந்தக் கேள்வியை யோசித்துப் பாருங்கள். அவளுக்குச் சமையல்காரன் தேவையே இல்லை. தெரேசாவின் பின்னால் ஒரு குழந்தை நடந்தது, இப்போது கிளேரின் பின்னால் ஒரு பையன் நடக்கிறான். ரபோனாவில் அவளை இழுத்து நிறுத்தியதில் அவனுக்கும் பங்கு உண்டு.

அனிமேவில் அவனைக் கொஞ்சம் அதிகமாகவே கத்த விட்டிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மங்காவில் ஏழு வருடம் கழித்து வளர்ந்து, வாளெடுத்து வருகிறான். அவனைப் பிடிக்காதவர்களுக்கும் அந்த ராக்கியைப் பிடிக்கும்.

ஏன் பெண்கள் மட்டும்? ஆண்களை வச்சு முயற்சி பண்ணலையா?

முதல் தலைமுறை ஆண்கள்தான். எல்லை தாண்டும்போது வரும் உணர்ச்சி உடலின்பம் போன்றது என்று தொடரில் சொல்கிறார்கள். ஆண்களால் அதை அடக்க முடியாமல் வரிசையாக அரக்கர்களானார்கள், அமைப்பு ஆண்களை வைத்துச் செய்வதைக் கைவிட்டது. வடக்கில் இருக்கும் ஐஸ்லி அந்தத் தலைமுறையின் முதலிடம். மேற்கின் ரிஃபுல், தெற்கின் லூசியேலாவோடு சேர்த்து இந்த மூவரையும் ஆழத்தின் அரக்கர்கள் என்கிறார்கள். முன்னாள் முதலிடக்காரர்கள் எல்லை தாண்டினால் இந்த அளவுக்குப் போகும்.

அனிமே முடிவு ஏன் யாருக்கும் பிடிக்கலை?

பியெட்டா என்ற வட ஊருக்கு 24 பேரைச் சாவதற்கென்றே அனுப்புகிறது அமைப்பு. அந்தப் போர் வரை அனிமே மங்காவை ஒட்டியே வருகிறது. பிறகு தொடரை 26இல் முடித்தாக வேண்டும்; மங்காவோ பாதி வழியில் நிற்கிறது. அதனால் சொந்தமாக ஒரு முடிவு எழுதினார்கள். கிளேர் பிரிசில்லாவைத் துரத்திப் போகிறாள், எரிமலைப் பிரதேசத்தில் மோதுகிறாள், வெட்டப்போகும் நேரத்தில் ராக்கி தடுக்கிறான். பிரிசில்லா உயிரோடு போகிறாள். எல்லை தாண்டிய கிளேரைத் திருப்பிக் கொண்டுவர ஜீன் உயிரை விடுகிறாள்.

மன்னித்து விட்டது தப்பு என்று கோபப்படுபவர்களோடு நான் சேர மாட்டேன். பழி வேண்டாம் என்று ஒருத்தி முடிவெடுக்கலாம், அதுவும் நல்ல கதைதான். ஆனால் இருபத்தைந்து எபிசோடுகளாக உடம்பில் சுமந்ததை இறக்கி வைக்க அவளுக்கு நேரம் கொடுத்திருக்க வேண்டும். இங்கே ஒரு பையனின் கதறல் அவளுக்குப் பதிலாக முடிவெடுத்துவிடுகிறது. தெரேசாவின் சாவுக்கு நான்கு எபிசோடு எடுத்துக்கொண்ட தொடர், அதற்கான பதிலை ஒரே எபிசோடில் அவசரமாகச் சொல்லி முடித்தது. என் மனக்குறை இதுதான்.

மங்காவில் ஜீன் பியெட்டாவிலேயே, கிட்டத்தட்ட அதே காரணத்துக்காக இறக்கிறாள். அங்கே பிரிசில்லா பக்கத்தில் இல்லை, கிளேர் வெட்டியிருப்பது ரிகால்டோ என்ற வேறொரு அரக்கனை. அதனால் கவனமெல்லாம் ஜீன் மேல் இருக்கிறது, சாவு நெஞ்சில் தங்குகிறது.

அப்போ மங்காவை எந்த இடத்திலிருந்து படிக்கணும்?

11ஆம் தொகுதியிலிருந்து. பியெட்டா போர் அனிமேவில் எப்படி மாறியது என்று ஒப்பிட விரும்பினால் 10இலிருந்து எடுங்கள். நேரமிருப்பவர்கள் முதலிலிருந்தே படிக்கலாம். யாகியின் கோடு தொகுதிக்குத் தொகுதி மெருகேறுவதைப் பார்ப்பதே ஓர் இன்பம், குறிப்பாக விழித்தெழுந்தவர்களின் உருவங்கள்.

ரெண்டாவது சீசன்?

2007க்குப் பிறகு வரவில்லை. மேலே சொன்ன முடிவுக்குப் பிறகு அப்படியே தொடரவும் முடியாது. ஜீன் எங்கே இறந்தாள் என்பதிலிருந்தே கணக்கு மாறுகிறது. வருவதானால் பியெட்டாவிலிருந்தோ முதலிலிருந்தோ மறுபடி எடுக்க வேண்டும்.

அந்த அமைப்பு உண்மையில யாரு? மங்கா படிக்கலை, சொல்லிடுங்க பரவாயில்லை.

இது மங்காவின் பெரிய ரகசியம், அதனால் மறுபடி எச்சரிக்கிறேன். இவர்கள் உலகம் என்று நினைப்பது ஒரு தீவுதான். கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் இரண்டு பெரும் படைகளுக்கு நடுவே நெடுங்காலப் போர் நடக்கிறது. அதில் ஒரு தரப்புக்கு ஆயுதம் செய்து தர இந்தத் தீவைச் சோதனைக்கூடமாக வைத்திருக்கிறார்கள். யோமாக்களை உருவாக்கி ஊருக்குள் விட்டதும் அமைப்பே.

இதைத் தெரிந்துகொண்டு முதல் எபிசோடைத் திரும்பப் பார்த்தால் வயிறு கலங்கும். யோமா குடும்பத்தைத் தின்றதால் வந்து சேர்ந்த பெண்கள், அந்த யோமாவை அனுப்பியவர்களுக்காகவே வாள் பிடித்துச் சாகிறார்கள். பியெட்டாவில் தப்பிய ஏழு பேர் ஏழு வருடம் வடக்கில் ஒளிந்திருந்து திரும்பும்போது, மிரியாவின் வாள் அமைப்பை நோக்கித் திரும்புகிறது. கிளேருக்குப் பிரிசில்லா என்றால் மிரியாவுக்கு அமைப்பு. ஒரே கதைக்குள் இரண்டு பழிகள் ஓடுகின்றன. மிரியாவின் பழி தனக்காக மட்டும் இல்லாததால் மற்றவர்களும் அவள் பின்னால் வருகிறார்கள்.

கடைசியில பிரிசில்லாவைக் கொன்னது தெரேசாதானே? அப்போ கிளேர் பழி தீர்த்ததா எப்படிச் சொல்றது?

மங்காவின் கடைசித் தொகுதியைப் படித்தவர்கள் நடுவே இன்னும் ஓயாத சண்டை இது. நடந்தது இவ்வளவு: கிளேர் தன்னை முழுவதும் திறந்துவிடும்போது, அவளுக்குள் இருக்கும் சதையிலிருந்து தெரேசா எழுந்து வருகிறாள். பிரிசில்லாவை முடிப்பது அவள்தான். கிளேர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த அடியை அவள் கையால் அடிக்கவில்லை என்று சிலருக்கு ஏமாற்றம்.

எனக்கு ஏமாற்றம் இல்லை. 47ஆம் இடத்துக்கான பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். தெரேசாவின் தலையைச் சுமந்து வந்த அந்தச் சிறுமி அன்று கேட்டது பலத்தையா, தெரேசாவையா? பலம் மட்டும் வேண்டும் என்றால் மற்றவர்களைப் போல யோமாவின் சதையையே ஏற்றிக்கொண்டிருக்கலாம், கடைசி இடத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை. அவள் தெரேசாவைத் தனக்குள் வைத்துக் காப்பாற்றினாள். பல வருடம் கழித்து அவளைத் திரும்ப எழுப்பி நிறுத்தியதும் கிளேர்தான். சண்டை முடிந்த பிறகு தெரேசா அவளிடம் பேசிவிட்டுப் போகிறாள், கிளேர் ராக்கியோடு கிளம்புகிறாள். பிரிசில்லா செத்ததைவிட அந்தச் சில பக்கங்களுக்காகத்தான் நான் இந்த மங்காவை மற்றவர்கள் கையில் கொடுக்கிறேன்.